இரண்டாம் கியர் ஏன் கழன்று வருகிறது?

சில வருடங்கள் நகரத்துக்குள்ளேயே ஓடிய பைக்கை வைத்திருக்கும் பலருக்கும் தெரிந்த தொல்லை இது. முதல் கியரில் வண்டி ஒழுங்காகக் கிளம்பும். இரண்டாம் கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினால், கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு 'டக்'கென்று துள்ளும். அதன்பின் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி இழுக்காது. போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்திருக்கும். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "செகண்டு ஸ்லிப் ஆகுது சார், இன்ஜினைப் பிரிக்கணும்" என்பார்.

கியர் சக்கரத்தின் பற்கள் தேய்ந்துவிட்டன என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அந்தப் பற்கள் பளபளவென்று நல்ல நிலையில் இருக்கும். யோசித்தால் இன்னொன்றும் இடிக்கிறது. நின்ற இடத்திலிருந்து வண்டியை இழுக்கும் பெரும்பாடு முதல் கியருடையது. அதிக கிலோமீட்டர் சுமப்பவை மேல் கியர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் சில நொடிகள் மட்டும் வந்துபோகும் இரண்டாம் கியர் ஏன் முதலில் கெடுகிறது?

கியர் போட்டால் பற்கள் சேர்வதில்லை

லிவரை மிதித்ததும் உள்ளே ஒரு பற்சக்கரம் நகர்ந்து போய் இன்னொரு பற்சக்கரத்தோடு கோர்த்துக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். மிகப் பழைய வண்டிகளில் அப்படித்தான் இருந்தது. இன்று சாலையில் ஓடும் கியர் பைக்குகளில் அப்படி இல்லை.

கியர் பெட்டிக்குள் இரண்டு தண்டுகள் இருக்கின்றன. ஒன்று கிளட்ச் வழியாக இன்ஜினோடு சேர்ந்தது. இதை உள்தண்டு என்போம். மற்றது செயின் வழியாகப் பின்சக்கரத்தோடு சேர்ந்தது, இது வெளித்தண்டு. நான்கு கியர் வண்டி என்றால் இவற்றின் மேல் நான்கு ஜோடிப் பற்சக்கரங்கள். நான்கு ஜோடிகளும் எப்போதும் கோர்த்தபடியேதான் சுழல்கின்றன, நியூட்ரலில்கூட.

அப்படியானால் எல்லாக் கியரும் ஒரே நேரத்தில் இழுக்காதா? இழுக்காது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தண்டோடு சேர்ந்தே சுழலும். அதன் இணை தண்டின் மேல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சும்மா சுழலும் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவதுதான் கியர் போடுவது. கழற்றிவிடுவது நியூட்ரல்.

பூட்டுவதற்கென்று சக்கரங்களின் பக்கவாட்டு முகத்தில் கட்டை கட்டையாகச் சில மேடுகள் உண்டு. பட்டறையில் 'டாக்' என்பார்கள். இந்த அத்தியாயத்தில் கோர்ப்பல் என்று அழைப்போம். ஒரு சக்கரத்தில் கோர்ப்பல், அதை நோக்கிய சக்கரத்தில் அது போய் விழுவதற்கான குழி. வழக்கமாக மூன்று அல்லது நான்கு. தண்டின் நீளவாட்டப் பள்ளங்களில் நகரும் சக்கரம் ஒன்றை, கவை போன்ற ஓர் உறுப்பு பக்கவாட்டில் தள்ளும். இந்தக் கவைதான் 'ஃபோர்க்'. லிவரை மிதிக்கும்போது வரிப்பள்ளம் வெட்டிய ஓர் உருளை சிறிது திரும்புகிறது. அந்தப் பள்ளம் ஃபோர்க்கைத் தள்ளுகிறது. ஃபோர்க் சக்கரத்தைத் தள்ளுகிறது. கோர்ப்பல் குழிக்குள் விழுகிறது. நம் காதில் விழும் 'க்ளிக்' இதுதான்.

ஆகவே பற்கள் இழுக்கத்தான் செய்கின்றன, பூட்டுவதில்லை. கியர் மாற்றும்போது அடி வாங்குவது கோர்ப்பல்களின் மூலைகளும் ஃபோர்க்கின் நுனிகளும்.

ஒரே ஒரு கியர் மாற்றம், கணக்கோடு

முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் அந்தக் கண நேரத்தைப் பிரித்துப் பார்ப்போம். எளிமைக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். நம் 100, 125 சிசி வண்டிகளின் இயல்பிலிருந்து இவை அதிகம் விலகியவை அல்ல.

இன்ஜின் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்கிறது. கிளட்சுக்கு வரும் வழியிலேயே அது மூன்றில் ஒன்றாகக் குறைவதால் உள்தண்டின் வேகம் 1,800. முதல் கியர் அதை மேலும் மூன்றில் ஒன்றாக்குகிறது, வெளித்தண்டு 600. செயின் இன்னொரு முறை மூன்றில் ஒன்றாக்க, பின்சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர் என்றால் வண்டி மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டரில் போகிறது. இரண்டாம் கியர் போட வேண்டிய நேரம்.

இரண்டாம் கியரின் விகிதம் 1.8 என்று கொள்வோம். வெளித்தண்டின் மேல் சும்மா சுழலும் இரண்டாம் கியர்ச் சக்கரம் இப்போது என்ன வேகத்தில் சுழல்கிறது? 1,800-ஐ 1.8-ஆல் வகுத்தால் 1,000. ஆனால் அது பூட்டிக்கொள்ள வேண்டிய தண்டின் வேகம் 600. வித்தியாசம் நிமிடத்துக்கு 400 சுற்று, அதாவது நொடிக்கு ஆறரைக்கும் மேல். மூன்று கோர்ப்பல், மூன்று குழி. எனவே ஒரு கோர்ப்பலுக்கு முன்னால் ஒரு குழி வந்துபோவது நொடிக்கு 20 தடவை. ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இடையே நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்.

வெளித்தண்டின் வேகத்தை நம்மால் மாற்ற முடியாது. அது சாலையோடு கட்டுப்பட்டது. மாற வேண்டியது உள்தண்டுதான்: 1,800-லிருந்து 600 × 1.8, அதாவது 1,080-க்கு இறங்கியாக வேண்டும். கிளட்சை முழுதாகப் பிடித்திருந்தால் உள்தண்டோடு ஒட்டியிருப்பது கிளட்சின் உட்பகுதியும் சில சக்கரங்களும் மட்டுமே. மொத்த எடை குறைவு. கோர்ப்பல் குழியில் விழுந்த கணத்தில் அது ஒரு சிறு தட்டோடு புதிய வேகத்துக்கு வந்துவிடும். எஃகு அந்தத் தட்டைத் தாங்கும், அதற்காகவே செய்யப்பட்டது.

கார்களில் இந்தத் தட்டுகூட வேண்டாமென்று, பூட்டுவதற்கு முன் இரு வேகங்களையும் உரசி ஒன்றாக்கும் கூம்பு வளையங்களை வைத்தார்கள். சின்க்ரோமெஷ் என்ற இந்த ஏற்பாட்டை அமெரிக்காவின் கெடிலாக் 1928-இல் கொண்டுவந்தது. பைக்கில் அதற்கு இடமும் இல்லை, தண்டு இலேசாக இருப்பதால் அவசியமும் இல்லை. வளையம் செய்யும் வேலையை இங்கே ஓட்டுபவரின் கையும் காலும் செய்கின்றன.

மென்மையாகப் போடுவது நல்லதல்ல

கியரை மெதுவாக, வலிக்காமல் போட்டால் வண்டி நீண்ட நாள் உழைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். புது வண்டி வாங்கியவர்கள் லிவரைத் தயங்கித் தயங்கி அழுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி மேல் உள்ள அக்கறையில்தான் அப்படிச் செய்கிறார்கள். விளைவு நேர்மாறானது.

மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். குழி நொடிக்கு 20 தடவை வந்துபோகிறது. கால் உறுதியாக இருந்தால் கோர்ப்பல் ஏதோ ஒரு குழியில் முழு ஆழத்துக்கு இறங்கிவிடும். ஒரே தட்டு, வேலை முடிந்தது. கால் தயங்கினால் கோர்ப்பலின் நுனி மட்டும் குழியின் விளிம்பை எட்டுகிறது. விளிம்பு அதன் மூலையில் மோதித் தள்ளிவிடுகிறது. அடுத்த குழி வருகிறது, மறுபடி மோதல். நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் இப்படித் தயங்கினால்கூட நான்கு மோதல். தேய்ந்த பெட்டிகளில் கேட்கும் 'கர்ர்' என்ற சத்தம் இந்த மோதல்களின் வரிசைதான். ஒரு நாளைக்கு 200 தடவை கியர் மாற்றுகிறவர் வருடத்தில் 300 நாள் ஓட்டினால் 60,000 கியர் மாற்றங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மோதலா நான்கு மோதலா என்பதில்தான் பெட்டியின் ஆயுள் இருக்கிறது.

கோர்ப்பலின் மேற்பரப்பு கெட்டியானது. எஃகைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சூடாக்கிக் கரியணுக்களை உள்ளே ஊறவிட்டு, பிறகு சட்டென்று குளிர்வித்து அதைக் கடினமாக்குகிறார்கள். ஆனால் அந்தக் கடினத் தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே இருப்பது மிருதுவான எஃகு. அது அப்படி இருந்தால்தான் கோர்ப்பல் அடி தாங்கும், உடையாது. மூலையில் அந்தத் தோல் போய்விட்டால் அதன் பிறகு தேய்மானம் விரைந்துவிடும். வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்த வண்டி சில மாதங்களில் மோசமாவதற்குக் காரணம் இது.

உறுதி என்று நான் சொல்வது உதைப்பதை அல்ல. குதிகாலால் ஓங்கி மிதிக்கிறவர்களின் வண்டியில் ஃபோர்க் வளையும், லிவர்த் தண்டு முறுக்கேறும். தேவையானது வேகமும் முழுமையும்: லிவரை அதன் கடைசி எல்லைவரை ஒரே வீச்சில் கொண்டுபோய், கிளட்சை விடத் தொடங்கும்வரை அங்கேயே தாங்கி நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு கால் லிவரின் மேல் இருக்கவே கூடாது. ஓட்டும்போது காலை லிவரிலேயே ஊன்றிவைத்தால், அந்தச் சிறு அழுத்தம் ஃபோர்க்கைச் சுழலும் சக்கரத்தின் பள்ளத்தில் ஓயாமல் உரசவைக்கும். ஃபோர்க்கின் நுனி சூடேறி நீலம் பாய்ந்து மெலிந்துபோகும்.

பிடிப்பது எப்படித் தள்ளுவதாக மாறுகிறது

கோர்ப்பலின் பக்கச் சுவரைச் செங்குத்தாக வெட்டுவதில்லை. சில டிகிரி உள்நோக்கிச் சாய்த்து வெட்டுகிறார்கள்; குழியின் சுவரும் அதற்கேற்பச் சாய்ந்திருக்கும். அதனால் இன்ஜின் இழுக்க இழுக்க இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. முறுக்கியபடியே கியரை மாற்ற முயன்றால் லிவர் நகர மறுப்பது இதனால்தான். ஆக்ஸிலேட்டரை விட்டதும் பிடி தளர்கிறது, சக்கரம் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது.

இப்போது மூலை மழுங்கிவிட்டது என்று வையுங்கள். உள்நோக்கிய சாய்வு போய், வெளிநோக்கிய வளைவு வந்துவிட்டது. அதே இழுவை இப்போது சக்கரங்களை ஒன்றைவிட்டு ஒன்று விலகும்படி தள்ளுகிறது. எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு தள்ளல். அந்தத் தள்ளலைத் தனியாக நின்று தாங்குவது ஃபோர்க். அது ஒரு நாள் வளைகிறது. வளைந்த ஃபோர்க் சக்கரத்தை முழு ஆழத்துக்குக் கொண்டுபோகாது. அரைகுறையாகக் கோர்த்த கோர்ப்பல் இன்னும் வேகமாக மழுங்கும். இரண்டு கேடும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. மெதுவாக ஓட்டினால் கியர் நிற்கிறது, முறுக்கினால் கழன்றுவருகிறது என்ற விசித்திரத்தின் விடை இதில் இருக்கிறது.

ஏன் இரண்டாவது என்பதற்கும் வந்துவிட்டோம். முதல் கியரைப் பெரும்பாலும் நின்ற நிலையில் போடுகிறோம். அதற்கு வேக வித்தியாசத்தில் பூட்டும் சோதனை குறைவு. மேல் கியர்களில் விகிதங்கள் நெருங்கி நெருங்கி அமைந்திருப்பதால் வேக வித்தியாசம் சிறியது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையேதான் இடைவெளி பெரிது. போதாததற்குப் பல வண்டிகளில் நடுவில் நியூட்ரல் இருப்பதால் உருளை அதையும் தாண்டித் திரும்ப வேண்டும். தயங்கிய கால் பாதியிலேயே நிற்பதற்கு இங்கேதான் வாய்ப்பு அதிகம். நின்றால் நியூட்ரல், இன்ஜின் அலறுகிறது, பதற்றத்தில் கிளட்சைச் சரியாகப் பிடிக்காமலே காலை அழுத்துகிறோம். நகரத்தில் ஒவ்வொரு சிக்னலிலும் இந்த மாற்றம் தவறாமல் வருகிறது.

காலைநேரத்து 'டக்'

குளிர்ந்த இன்ஜினை எழுப்பி முதல் கியர் போடும்போது வரும் சத்தத்துக்கும் இதே கணக்குதான். பைக்கின் கிளட்ச், எண்ணெயில் நனைந்த பல தட்டுகளின் அடுக்கு. இரவு முழுவதும் நின்றதில் எண்ணெய் கெட்டியாகித் தட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. கிளட்சைப் பிடித்தாலும் அவை முழுதாகப் பிரிவதில்லை. உள்தண்டு சுழன்றுகொண்டே இருக்கிறது. வெளித்தண்டோ அசையாமல் நிற்கிறது. கோர்ப்பல் விழும்போது சுழல்வது சட்டென்று நின்றாக வேண்டும். அந்த அடிதான் சத்தம். அடியின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். இன்ஜின் 1,200 சுற்றில் ஓடும்போது வருவதைவிட, சோக் போட்டு 2,400-இல் ஓடும்போது வரும் அடி நான்கு மடங்கு.

பரிகாரம் எளிது. இன்ஜினின் ஓட்டம் தணியும்வரை பொறுத்திருந்து, கிளட்சைப் பிடித்து ஓரிரு நொடி கழித்துக் கியர் போடலாம். குளிர் அதிகமான இடங்களில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்சைப் பிடித்தபடி கியரில் வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் தட்டுகள் பிரியும்.

இன்ஜின் சூடான பிறகும் இந்த 'டக்' பலமாகவே கேட்டால் கிளட்ச் கேபிளைக் கவனிக்க வேண்டும். லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்ச்சி இருப்பது பெரும்பாலான வண்டிகளுக்குச் சரியானது. அதைவிடத் தளர்ந்தால், முழுதாகப் பிடித்தாலும் தட்டுகள் முழுதாகப் பிரியா. அப்போது ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கோர்ப்பல் மோதுவது இலேசான உள்தண்டோடு மட்டுமல்ல, இன்ஜினின் முழுச் சுழற்சியோடும். கேபிளைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் சில நிமிடங்களும் போதும். கியர் பெட்டிக்கு நாம் செய்யக்கூடியவற்றில் இதைவிட மலிவானது எதுவும் இல்லை.

சிக்னலில் விழாத நியூட்ரல்

நின்ற பிறகு நியூட்ரலைத் தேடினால் வண்டி முதலிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து முதலுக்கும் தாவுகிறது. கிளட்ச் சற்றே இழுத்துக்கொண்டிருப்பதால் கோர்ப்பல்கள் நெருக்கிப் பிடித்திருக்கின்றன. பிடியை மீறக் காலை அழுத்தினால் அது நியூட்ரலைத் தாண்டிப்போகிறது. உருளையை அந்தந்த நிலையில் நிறுத்திப் பிடிக்கும் பள்ளங்களில் நியூட்ரலுக்கானது மற்றவற்றைவிட ஆழம் குறைவு. வண்டி நிற்பதற்குச் சற்று முன், இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்கு வந்துவிடுவது நல்ல பழக்கம். நின்றுவிட்டால் கிளட்சை ஒரு மயிரிழை விட்டுப் பிடித்துக்கொண்டே லிவரை இலேசாகத் தட்டலாம். திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டில் இதற்கென்றே தனியாக ஒரு குட்டி லிவர் இருந்தது. மேல் கியர்களிலிருந்து அதைக் குதிகாலால் அழுத்தினால் நேராக நியூட்ரல். மற்ற வண்டிகளிலும் அப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இன்ஜின் ஓடாத வண்டியில் சில நேரம் கியரே விழாது. கோர்ப்பலும் குழியும் நேருக்கு நேர் வராமல், மேட்டோடு மேடு முட்டி நிற்பதே காரணம். அப்போது லிவரை மிதித்து வளைக்கக் கூடாது. வண்டியை ஒரு சாண் தள்ளினால் விழுந்துவிடும்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம்

மேல் கியரிலிருந்து கீழே வரும்போது உள்தண்டு வேகம் கூட வேண்டும். கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜினின் வேகமோ குறைகிறது. கியர் விழுந்து கிளட்சை விட்டதும், பின்சக்கரம் இன்ஜினைப் பிடித்து இழுத்து வேகமேற்ற வேண்டியிருக்கிறது. வண்டி முன்னால் குனிகிறது. மழைநாளில் பின்சக்கரம் வழுக்கவும் செய்யும். ஓடும் பேருந்தில் தொற்றிக்கொள்கிறவர் முதலில் அதே வேகத்துக்கு ஓடிவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். கிளட்ச் பிடித்திருக்கும் அந்த நொடியில் ஆக்ஸிலேட்டரை ஒரு சிறு முறுக்கு முறுக்கிவிட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜினும் அப்படி முன்கூட்டியே வேகம் பிடித்துவிடுகிறது. கைக்குப் பழகச் சில நாட்கள் ஆகும்.

எவ்வளவு வேகத்தில் எந்தக் கியருக்கு இறங்கலாம் என்பதற்கு நம் எடுத்துக்காட்டு வண்டியே பதில் சொல்லும். முதல் கியரில் 23 கிலோமீட்டருக்கு 5,400 சுற்று. அதே கியரை 40 கிலோமீட்டரில் போட்டால் இன்ஜின் 9,300 சுற்றையும் தாண்டியாக வேண்டும். சிறிய வண்டியின் இன்ஜின் அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. பிரேக்கை முதலில் பிடித்து, வேகம் குறையக் குறைய ஒவ்வொரு கியராக இறங்குவதே சரி. நான்காவதிலிருந்து கிளட்சைப் பிடித்தபடியே 'டக் டக் டக்'கென்று முதலுக்கு வருகிறவர்கள், சும்மா சுழலும் சக்கரங்களின் வேகம் எங்கே இருக்கிறது என்று அறியாமல் கோர்ப்பல்களை மோதவிடுகிறார்கள்.

எண்ணெய் சொல்லும் செய்தி

நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜின், கிளட்ச், கியர் பெட்டி மூன்றுக்கும் ஒரே எண்ணெய். ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கியர் பெட்டிக்குத் தனி எண்ணெய். ஒரே எண்ணெய் என்றால் கியர்ப் பற்களின் நடுவே சிக்கி அது அரைபடுகிறது. சூட்டிலும் எண்ணெய் நீர்த்துப்போகாமல் இருக்கச் சேர்த்திருக்கும் நீண்ட மூலக்கூறுகளைப் பற்கள் நறுக்கிவிடுகின்றன. எண்ணெய் மாற்றும் தவணை நெருங்கும்போது கியர் கரடுமுரடாக விழுவதையும், புது எண்ணெய் விட்ட அன்றே வழவழப்பாவதையும் கவனித்திருப்பீர்கள். அது மனப்பிரமை அல்ல. டப்பாவின் மேல் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கார்களுக்கான சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் உண்டு. அவை பைக்கின் கிளட்ச் தட்டுகளை வழுக்கவைக்கும்.

வடிக்கும்போது பழைய எண்ணெயைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பாருங்கள். வடிகுழாய் மூடியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல்நிறப் பசைபோல ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் செதில்களோ கூர்மையான துணுக்குகளோ இருந்தால், ஏதோ ஒரு மூலை உடைந்துகொண்டிருக்கிறது.

பிரிக்க நேர்ந்தால்

இரண்டாம் கியர் கழலத் தொடங்கிய பிறகு எந்த எண்ணெயும், எந்தச் சாமர்த்தியமும் மூலையைத் திரும்பக் கொண்டுவராது. அந்தக் கியரைத் தவிர்த்துக் கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆனால் உடையும் துணுக்குகள் அதே எண்ணெயில்தான் இன்ஜினுக்குள்ளும் சுற்றுகின்றன. தள்ளிப்போடாமல் பிரிப்பதே மேல்.

பிரிக்கும்போது, தேய்ந்த சக்கரம் ஒன்றை மட்டும் மாற்றிப் பணத்தை மிச்சப்படுத்தச் சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்ள வேண்டாம். புதுக் கோர்ப்பலைப் பழைய, மழுங்கிய குழியில் விட்டால் முழுப் பாரமும் ஒரு சிறு விளிம்பில் விழும். புதியதும் விரைவில் பழையதைப்போலவே ஆகும். கோர்ப்பல் உள்ள சக்கரம், குழி உள்ள சக்கரம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஃபோர்க்கை எடுத்து நேராக இருக்கிறதா, நுனியின் தடிமன் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எல்லைக்குள் இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். சில வண்டிகளில் கேஸை இரண்டாகப் பிளந்தால்தான் அந்த ஃபோர்க்கையே பார்க்க முடியும். அத்தனை கூலி கொடுத்துத் திறந்த பெட்டியை, அதை அளக்காமல் மூடவிடாதீர்கள்.